பெட்டியில் வைக்கும் பட்டும் பாச்சை உருண்டையும்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பேரவைக் கூட்டத்தில், சேலை வியாபாரம் செய்யும் குழுக்களுக்காகப் பேசியதன் எழுத்து வடிவம்)



பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் இருப்பு அறையில் 22 வருஷம் வேலை பார்த்தவள் நான். தறியிலிருந்து வந்த புடவையை வாங்கி, எண் போட்டு, மடித்து, அலமாரியில் ஏற்றி, விற்பனைக்குப் போகும் வரை காபந்து பண்ணுவதுதான் என் வேலை. ஒரு புடவையில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும் ஏன் எப்படி என்று பதில் சொல்ல வேண்டியவள். அதனால் பூச்சியைப் பற்றியும் பூச்சி மருந்தைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டி வந்தது. அதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

இதற்கு எதுக்கு ஒரு கூட்டம், நாலு உருண்டை வாங்கிப் போட்டா முடிஞ்சது என்று சிலர் நினைக்கலாம். நம் கூட்டமைப்பில் எத்தனை குழு வங்கிக் கடன் வாங்கிப் புடவை வியாபாரம் செய்கிறது என்று உங்களுக்கே தெரியும். ஆடி மாதம் குறைந்த விலையில் வாங்கி, தீபாவளிக்கும் தை முகூர்த்தத்துக்கும் விற்கிறோம். நடுவில் நாலைந்து மாதம் அந்தப் புடவை நம் வீட்டுப் பீரோவில்தான் இருக்கிறது. வட்டி ஓடிக்கொண்டே இருக்கிறது. புடவை கெட்டால் வங்கி கேட்காதா? அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பூச்சிக்குப் போடுகிற மருந்து அதே வீட்டில் இருக்கிற பச்சைக் குழந்தையின் மூக்குக்கும் போகிறது. இது ரெண்டையும் சேர்த்துத்தான் பேசணும்.

முதலில், எந்தத் துணியை எது தின்கிறது?

பட்டும் கம்பளியும் உயிரிலிருந்து வந்தவை. பட்டு, புழு நூற்றது. கம்பளி, ஆட்டு மயிர். ரெண்டும் புரதம். நம் தலைமுடியும் நகமும் எந்தச் சத்தோ கம்பளியும் அதே சத்துதான். இதைச் செரிக்கிற வயிறு மிகச் சில பூச்சிகளுக்குத்தான் உண்டு. துணி அந்து அதில் ஒன்று. வெளிர் மஞ்சள் நிறத்தில், அரிசி நீளம்கூட இருக்காது. விளக்கைச் சுற்றிப் பறக்கிற பூச்சியைப் பார்த்துப் பயப்படாதீங்க, அது வேற. துணி அந்து வெளிச்சத்தைக் கண்டால் ஒளியும். இன்னொரு விஷயம், பறக்கிற அந்து எதையும் தின்பதில்லை. தின்பதற்கு அதற்கு வாயே கிடையாது. அது இடுகிற முட்டையிலிருந்து வரும் புழுதான் துணியைத் தின்கிறது. அந்தைக் கையால் அடித்துக் கொன்றுவிட்டு நிம்மதியாகப் படுக்கிறோம். புழு உள்ளே தின்றுகொண்டிருக்கும்.

உங்கள் வீட்டுச் சுவரில் சாம்பல் நிறத்தில், வெள்ளரி விதை மாதிரி தட்டையாக ஒரு கூடு மெல்ல நகர்வதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளேயிருந்து ஒரு புழு தலையை நீட்டும். சுண்ணாம்புத் தூசு என்று துடைப்பத்தால் தட்டிவிடுவோம். அதுவும் அந்து இனம்தான். சிலந்தி வலை, உதிர்ந்த முடி, கம்பளி எல்லாம் தின்னும். சுவரில் அது நாலைந்து தெரிந்தால் மூலையில் ஒட்டடை சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது ஒரு வண்டு. மிளகைவிடச் சின்னது, முதுகில் புள்ளி புள்ளியாக இருக்கும். வளர்ந்த வண்டு பூவில் மகரந்தம் தின்று பிழைக்கிறது, சன்னல் வழியாக உள்ளே வந்து முட்டை வைக்கிறது. அதன் புழு உடம்பெல்லாம் மயிராக இருக்கும். பட்டுக்கு அந்தைவிட இந்தப் புழுதான் பெரிய எதிரி என்பது என் அனுபவம். மடிப்பு ஓரத்தில் பழுப்பு நிறத்தில் காய்ந்த சட்டை மாதிரி கிடந்தால் அது இந்தப் புழு உரித்த தோல்.

பருத்திப் புடவையை அந்து தொடாது. அதைத் தின்பது இராமபாணம். வெள்ளி மாதிரி மினுக்கிக்கொண்டு, மீன் போல வளைந்து ஓடுமே, பழைய புத்தகத்திலும் இருக்குமே, அதுதான். அதற்குக் கஞ்சி என்றால் உயிர். கஞ்சி போட்டு மொடமொட என்று தேய்த்து வைத்த பருத்திப் புடவையைத்தான் தேடி வரும். கரப்பானும் அப்படித்தான், கஞ்சிக்கும் சாப்பாட்டுக் கறைக்கும் வரும். பட்டிலும் சில இடங்களில் மொடமொடப்புக்காகக் கஞ்சியோ கோந்தோ போட்டு ரோல் பிரஸ் செய்கிறார்கள். அந்தப் புடவைக்கு இரண்டு கூட்டமும் வரும். பாலியஸ்டர், நைலான் புடவையை எதுவும் செரிக்க முடியாது, ஆனால் பாயசம் கொட்டியிருந்தால் அந்த இடத்தைக் கடித்துப் பார்க்கும்.

இது ஏன் முக்கியம் என்றால், கட்டிய புடவையில் வியர்வை, எண்ணெய், சாப்பாட்டுக் கறை இருந்தால் எந்த மருந்து போட்டாலும் பூச்சி வரும். புழு வெறும் கம்பளியைவிட வியர்வை பட்ட கம்பளியில்தான் நன்றாக வளர்கிறது. கல்யாணத்துக்கு வாடகைக்குப் பட்டு விடுகிற குழுக்காரங்க இதைக் கவனிக்கணும். திரும்பி வந்த புடவையைச் சலவைக்குக் கொடுக்காமல் விற்பனைப் புடவை பக்கத்தில் வைக்கவே வைக்காதீங்க. பெட்ரோல் வாஷ் கொடுத்தால் ஏற்கெனவே இருக்கிற புழுவும் முட்டையும் செத்துவிடும். ஆனால் அதோடு சரி, நாளைக்குப் புதுசா வருகிற பூச்சிக்கு அது காவல் இல்லை.

இப்போ உருண்டைக்கு வருவோம். நாம பாச்சை உருண்டை என்கிறோம், சில ஊரில் அந்துருண்டை என்கிறார்கள். கடையில் ஒரே மாதிரி வெள்ளையாக இருந்தாலும் உள்ளே இருப்பது மூன்றில் ஒன்றாக இருக்கலாம். நாப்தலீன் ஒன்று. இது நிலக்கரித் தாரிலிருந்தும் பெட்ரோலியத்திலிருந்தும் எடுப்பது. பாராடைகுளோரோபென்சீன் இன்னொன்று. பெயர் நீளம்தான், கழிவறையில் தொங்கவிடுகிற வாசனைக் கட்டியில் பெரும்பாலும் இருப்பது அதுதான். மூன்றாவது கற்பூரம்.

எது எது என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். ஒரு பழைய டம்ளரில் தண்ணீர் எடுத்து உருண்டையைப் போடுங்க. மிதந்தால் கற்பூரம். மூழ்கினால் மற்ற இரண்டில் ஒன்று. பிறகு அந்தத் தண்ணீரில் இனிமேல் கரையாது என்கிற அளவுக்குக் கல்லுப்பைப் போட்டுக் கலக்குங்க. அடியில் கிடந்த உருண்டை இப்போது மேலே வந்தால் நாப்தலீன். அப்பவும் அடியிலேயே கிடந்தால் பாராடைகுளோரோபென்சீன். அந்த டம்ளரைத் திரும்ப அடுப்படிக்குக் கொண்டுபோகாதீங்க.

இதைத் தெரிந்து என்ன செய்ய என்றால், ஒரு குழுவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். நம் கூட்டமைப்பு இல்லை, பக்கத்து வட்டாரம். தீபாவளிக்கு வாங்கிய பட்டில் விற்காமல் நின்ற புடவைகளை ஒவ்வொன்றாகப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, ஒவ்வொரு கவருக்குள்ளும் ரெண்டு பாச்சை உருண்டை, கூடவே வாசனைக்கு ரெண்டு கட்டிக் கற்பூரம் போட்டு, இறுக்கி ஒட்டி, பரண் மேல் ஏற்றிவிட்டார்கள். சித்திரை முகூர்த்தத்துக்கு இறக்கினால் ஒரு பூச்சிகூட இல்லை. ஆனால் ஒன்பது புடவையில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய் கொட்டின மாதிரி கறை. கவரில் அச்சடித்த கடைப் பெயர் கரைந்து முந்தானையில் தலைகீழாக ஒட்டியிருந்தது. என்னிடம் கொண்டுவந்து, யாரோ வேண்டாதவங்க எண்ணெய் ஊத்திட்டாங்க, விசாரிக்கணும் என்றார்கள். குழுவுக்குள் ரெண்டு பேர் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார்கள்.

யாரும் ஊற்றவில்லை. நாப்தலீன் தனியாக இருந்தால் கெட்டி. கற்பூரமும் தனியாக இருந்தால் கெட்டி. ரெண்டும் ஒட்டி இருந்தால் நம் வெயிலுக்கு உருகி எண்ணெய் மாதிரி ஆகிவிடும். பங்குனி, சித்திரையில் பரண் எவ்வளவு சூடு என்று சொல்லவே வேண்டாம். நாப்தலீனும் பாராடைகுளோரோபென்சீனும் சேர்ந்தாலும் இதே கதைதான். போன வருஷம் வாங்கிய மிச்ச உருண்டையோடு இந்த வருஷம் வேறு கடையில் வாங்கியதைக் கலந்து போடுவோம் பாருங்க, அப்போது இது நடக்கும். உருகிய அந்த எண்ணெய் பிளாஸ்டிக்கையும் அச்சு மையையும் கரைக்கும். ஆகவே ஒரு பெட்டிக்கு ஒரே வகை மருந்து. பிளாஸ்டிக் கவருக்குள் எதுவும் வேண்டாம். இன்னொன்று, ஜரிகைமேல் எந்த உருண்டையும் நேராகப் படக் கூடாது என்பது நெசவாளர் வீட்டில் காலம்காலமாக இருக்கும் வழக்கம். அதை நாமும் மாற்ற வேண்டியதில்லை.

உருண்டை எப்படி வேலை செய்கிறது என்று பிள்ளைகளைக் கேளுங்க, பள்ளிக்கூடப் பாடத்தில் பதங்கமாதல் என்று படித்திருப்பார்கள். கெட்டியாக இருப்பது தண்ணீராக ஆகாமல் நேராக ஆவியாகிறது. அந்த ஆவிதான் மருந்து. மூடிய பெட்டிக்குள் ஆவி நிறைந்து நின்றால் புழு சாகும். கதவு சரியாக மூடாத பீரோவில், திறந்த அலமாரியில் போட்டால் ஆவி நிற்காது, வீடெல்லாம் பரவும். பூச்சிக்கு வெறும் வாசனைதான் போய்ச் சேரும், மருந்தைச் சுவாசிப்பது நாமதான். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, கீழே இறங்கும். அதனால் உருண்டையைத் துணிக்கு அடியில் போடுவதில் பயனில்லை. பழைய வேட்டித் துணியில் முடிந்து மேலே வைக்கணும். எத்தனை என்பதைப் பாக்கெட்டில் எழுதியிருக்கிற அளவுக்கு மேல் போடாதீங்க. வாஷ்பேசினிலும் ஜாக்கெட் பாக்கெட்டிலும் கைப்பையிலும் உருண்டை போட்டு வைக்கிற பழக்கத்தையும் விட்டுவிடலாம். பாம்பு வராது என்று வீட்டைச் சுற்றிப் போடுகிறார்களே, பாம்பு அதைச் சட்டை செய்வதே இல்லை.

இனி நான் சொல்லப் போவதை வீட்டுக்குப் போனதும் மருமகளிடமும் மகளிடமும் அப்படியே சொல்லுங்க.

நம் வீடுகளில் குழந்தை பிறந்தால் புதுத் துணி போட மாட்டோம். பாட்டி பெட்டியைத் திறந்து, கட்டிக் கட்டி நைந்துபோன பருத்திப் புடவையை எடுத்துக் கிழித்துத் துண்டு போடுவாங்க. தூளி கட்டுவதும் அந்தப் புடவையில்தான். நல்ல வழக்கம், நைந்த துணி பிள்ளைக்கு உறுத்தாது. ஆனால் அந்தப் புடவை மூன்று வருஷம் பாச்சை உருண்டையோடு பெட்டியில் கிடந்ததாக இருந்தால்?

சில குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணுவில் ஒரு சத்துக் குறைவு பிறவியிலேயே இருக்கும். மருத்துவர்கள் ஜி-6-பி-டி குறைபாடு என்பார்கள். தாய் வழியாக வருவது, ஆண் பிள்ளைகளிடம் அதிகம். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அந்தக் குழந்தையின் உடம்பில் நாப்தலீன் சேர்ந்தால் சிவப்பணுக்கள் உடையும். உடனே இல்லை, ஒன்றிரண்டு நாள் கழித்து. கண், தோல் மஞ்சளாகும், பால் குடிக்காது, சோர்ந்து கிடக்கும், மூத்திரம் கருந்தேநீர் நிறத்தில் போகும். பிறந்த குழந்தைக்கு மஞ்சள் அளவு மீறிப் போனால் மூளையைத் தாக்கும், உயிரும் போகலாம். உருண்டையைத் தின்ன வேண்டியதில்லை, அதோடு இருந்த துணியைச் சுற்றியே இப்படி ஆன குழந்தைகளைப் பற்றி மருத்துவ நூல்களில் எழுதியிருக்கிறார்கள். நாப்தலீன் எண்ணெயில் கரையக் கூடியது. நாம் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்து அந்தத் துணியில் சுற்றினால் தோல் வழியாக இன்னும் சுலபமாக உள்ளே போகும்.

அதனால் ஏழாம் மாதம் வளைகாப்பு ஆன வீட்டில் ஒரு வேலை செய்யுங்க. பிள்ளைக்கு என்று பருத்தித் துணியைத் தனியாக எடுத்து, துவைத்து, வெயிலில் காயப் போட்டு, உருண்டை எதுவுமே படாத பையில் வைத்துவிடுங்க. பெட்டிப் புடவையை அவசரத்துக்குத் துவைத்துப் போட்டால் போதாதா என்று கேட்பீங்க. துவைத்தால் மட்டும் முழுசாகப் போகாது. நல்ல காற்றிலும் வெயிலிலும் பல நாள் போடணும். மூக்குக்கு வாசனை தெரிகிறது என்றால் மருந்து இன்னும் இருக்கிறது என்று பொருள். பச்சைக் குழந்தை விஷயத்தில் அந்தப் பரீட்சையே வேண்டாம்.

நடக்கிற பிள்ளை உருண்டையை மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொண்டால், பால் கொடுக்காதீங்க. எண்ணெய், நெய், முட்டை எதுவும் கொடுக்காதீங்க. நாம் எல்லா விஷத்துக்கும் பால் கொடுத்துப் பழகியிருக்கிறோம், கொழுப்பு சேர்ந்தால் இது வேகமாக உடம்பில் ஏறும். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். 108-க்குப் போன் போட்டு, மிச்ச உருண்டையையும் பாக்கெட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க. எந்த மருந்து என்று தெரிந்தால்தான் வைத்தியம் செய்ய முடியும். பிள்ளை நல்லா விளையாடுதே என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது, ரத்தத்தில் தெரிய நாளாகும் என்று சொன்னேன் இல்லையா. கற்பூரம் அப்படியில்லை, சின்னக் கட்டியே சிறு பிள்ளைக்குக் கொஞ்ச நேரத்திலேயே வலிப்பைக் கொண்டுவரும். சாமி மாடத்துக் கற்பூர டப்பாவும் கைக்கு எட்டாத உயரத்தில்தான் இருக்கணும்.

பெரியவர்களுக்கு மட்டும் இது வெல்லமா என்றால் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இருக்கும் புற்றுநோய் ஆய்வு முகமை 2002-இல் நாப்தலீனை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்கிற பட்டியலில் சேர்த்தது.

அப்போ அந்தக் காலத்தில் பவுடர் தூவினோமே, ஒண்ணும் ஆகலையே என்று ஒரு பெரியம்மா காலையில் கேட்டாங்க. டி.டி.டி. பவுடர், கமாக்ஸின் பவுடர் எல்லாம் நானும் பார்த்திருக்கிறேன். டி.டி.டி. கதையே துணி அந்திலிருந்து தொடங்குகிறது. சுவிட்சர்லாந்தில் கம்பளியை அந்திலிருந்து காக்க மருந்து தயாரித்துக்கொண்டிருந்த ஒரு சாயக் கம்பெனியில் வேலை பார்த்த பால் முல்லர் என்கிற வேதியியலாளர்தான், 1939-இல் அது பூச்சியைக் கொல்லும் என்று கண்டுபிடித்தார். 1948-இல் அதற்காக நோபல் பரிசும் வாங்கினார். பிறகுதான் அது மண்ணிலும் தண்ணீரிலும் மீனிலும் தாய்ப்பாலிலும்கூடத் தங்குகிறது என்று தெரிந்தது. நம் நாட்டில் 1989-இல் விவசாயத்துக்கு அதைத் தடுத்துவிட்டார்கள், கமாக்ஸின் என்று நாம் சொல்லும் பி.எச்.சி.யை 1997-இல் தடை செய்தார்கள். பழைய டப்பா யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் புடவைமேல் தூவ வேண்டாம். கிணற்றிலோ ஏரியிலோ கொட்டவும் வேண்டாம். வேளாண் அலுவலரிடம் கேட்டு ஒப்படையுங்க.

அதைவிட என்னை நடுங்க வைத்த விஷயம், நெல்லுக்கும் கோதுமைக்கும் வைக்கிற மாத்திரையைப் புடவை இருப்பு அறையில் வைக்கலாமா என்று ஒருத்தர் கேட்டது. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை. காற்றில் இருக்கிற ஈரம் பட்டாலே பாஸ்பீன் என்கிற விஷவாயு வரும். பக்கத்து அறையில் தூங்குகிறவர்கள் காலையில் எழுந்திருக்க மாட்டார்கள். இதற்கு முறிவு மருந்தும் கிடையாது. பயிற்சி பெற்ற ஆட்கள் தவிர யாரும் தொடக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. உயிர் பயம் போதவில்லை என்றால் இதையும் கேளுங்க: பாஸ்பீன் வாயு தாமிரத்தையும் வெள்ளியையும் அரிக்கும். ஜரிகை என்பது என்ன? வெள்ளிக் கம்பிமேல் பொன்முலாம். அது கறுத்துப் போனால் புடவையை எடைக்குக்கூடப் போட முடியாது.

கொசுவுக்கும் கரப்பானுக்கும் அடிக்கிற ஸ்ப்ரே இருக்கிறதே, அதில் இருப்பது பெரும்பாலும் பைரித்ராய்டு வகை. சாமந்தி இனத்துப் பூ ஒன்றில் இயற்கையாக இருக்கும் மருந்தைப் பார்த்துச் செயற்கையாகச் செய்தது. இதே வகையில் பெர்மெத்ரின் என்று ஒன்றை 1973-இல் இங்கிலாந்தில் கண்டுபிடித்தார்கள். அதைக் கம்பளி ஆலைகளில் சாயத் தொட்டியிலேயே கம்பளிக்கு ஏற்றுகிறார்கள். சாயத்தோடு மருந்தேற்றும் யோசனை இன்னும் பழசு. முதல் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மனியில், ஒரு மஞ்சள் சாயம் ஏற்றிய கம்பளியை மட்டும் அந்து தொடவில்லை என்று கவனித்தார்கள், அதிலிருந்து பிறந்தது. ஆனால் ஆலையில் ஏற்றுவது வேறு, நாம் டப்பாவிலிருந்து அடிப்பது வேறு. ஸ்ப்ரேயில் மருந்தைக் கரைக்க மண்ணெண்ணெய் வகை எண்ணெய் இருக்கும், பட்டில் பட்டால் கறை. துணிமேல் எப்போதும் அடிக்காதீங்க. அலமாரியைக் காலி செய்து, இடுக்கு, மூலை, பின்பலகையில் அடித்து, ஒரு நாள் திறந்து போட்டு, நன்றாகக் காய்ந்த பிறகு துணியை அடுக்கலாம். பூனை வளர்க்கிறவர்கள் பூனையை வெளியே விட்டுவிட்டு அடிங்க, அதற்கு இந்த மருந்து ஆகாது.

இராமபாணத்துக்கும் கரப்பானுக்கும் போரிக் பவுடர் நல்லது. கேரம் போர்டில் தூவுவார்களே, அதேதான். கோதுமை மாவும் சர்க்கரையும் சேர்த்துப் பிசைந்து சின்ன உருண்டையாகப் பீரோவுக்குப் பின்னால், அடியில் வைக்கலாம். துணிக்கு எந்தக் கெடுதலும் இல்லை. ஆனால் மாவு உருண்டை என்பதால் தவழும் பிள்ளை இருக்கிற வீட்டில் வைக்கக் கூடாது.

வசம்பு, வேப்பிலை பற்றிக் கேட்காமல் விட மாட்டீங்க. தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்தில் ஓலைச்சுவடிகளைக் காக்க வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை இவற்றைப் பொடித்துக் கற்பூரம் சேர்த்துச் சின்னத் துணிப் பையில் கட்டி வைக்கும் வழக்கம் உண்டு. நானும் இருப்பு அறையில் வசம்புப் பை வைத்திருக்கிறேன். பலன் இருக்கிறது, ஆனால் அளவோடு. புதுசா வரும் பூச்சியை அண்டவிடாது. ஏற்கெனவே உள்ளே இருக்கிற புழுவைக் கொல்லும் என்று நம்பி இருக்க முடியாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை பொடியை மாற்றணும். பச்சை வேப்பிலையை நேராகப் பட்டில் வைத்தால் ஈரமும் கறையும்தான் மிச்சம், நிழலில் சருகாகக் காயவைத்துத் துணியில் கட்டி வையுங்க.

எங்கள் இருப்பு அறையில் புடவையைக் காத்தது எது என்று கேட்டால், பாதிக்கு மேல் மருந்தே இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை எல்லாப் புடவையையும் எடுத்து, நிழலில் காற்றாட விரித்து, மடிப்பை மாற்றி மடிப்போம். புழுவுக்கு இருட்டும் அமைதியும் வேண்டும், அதைக் கெடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மடிப்பு மாற்றினால் ஜரிகை ஒடிவதும் தப்பும். கஞ்சித் துணியைக் கஞ்சி போக அலசித்தான் உள்ளே வைப்போம். பிளாஸ்டிக் கவர் கிடையாது, துவைத்த வெள்ளை மல் துணியில் சுற்றுவோம். ஓட்டை விழுந்த புடவை ஒன்று கண்ணில் பட்டால் அந்த அலமாரி முழுதும் இறங்கும், அன்று சாப்பாடு மூணு மணிக்குத்தான். பூச்சி பட்டதை மட்டும் தனி அறைக்குக் கொண்டுபோய்த் தகரப் பெட்டியில் நாப்தலீன் போட்டு மூடுவோம். அங்கே யாரும் உட்கார்ந்து வேலை செய்வதில்லை.

கடைசியாக, இன்றைய தீர்மானத்தில் வந்திருக்கும் விஷயம். பாச்சை உருண்டையை மூட்டையாகக் கொடுத்து, வீட்டில் வைத்துப் பாக்கெட் போட்டுத் தரச் சொல்லி ஒரு ஆர்டர் வந்திருக்கிறது, கிலோவுக்கு இவ்வளவு கூலி என்று. வேலை இல்லாத மாதத்தில் வரும் காசு, வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் வீட்டில் வைத்துச் செய்யக் கூடாது என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஒரு பெட்டியில் நாலு உருண்டைக்கே இவ்வளவு பேசினோம், ஒரே அறையில் மூட்டை மூட்டையாக வைத்து, அங்கேயே சமைத்து, அங்கேயே பிள்ளையைத் தூங்க வைத்தால்? நம்மில் ரத்தசோகை இல்லாதவர்கள் எத்தனை பேர்? எடுப்பதாக இருந்தால் நாலு பக்கமும் காற்று வரும் கொட்டகையில், கையுறை போட்டு, கர்ப்பிணியும் பால் கொடுக்கும் தாயும் இல்லாமல் செய்யணும். ஒவ்வொரு பாக்கெட்டிலும் உள்ளே என்ன மருந்து, குழந்தைத் துணியோடு வைக்கக் கூடாது என்று தமிழில் அச்சடித்துத் தரச் சொல்லிக் கேளுங்க. அதற்கு அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஆர்டர் வேண்டாம். வசம்புப் பை தைத்து விற்பதற்கு ஒரு குழு முன்வந்திருக்கிறது. கூலி குறைவுதான், விற்பனையும் உடனே வராது, ஆனால் அதைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே தைக்கலாம்.

நேரம் ஆகிவிட்டது. சீமந்தத்துக்குக் கட்டிய பட்டில் உருண்டை வாசனை போகவில்லை, குழந்தைக்குப் பேர் வைக்கும் அன்று கட்டலாமா என்று பின்வரிசையிலிருந்து ஒரு தங்கச்சி சீட்டு எழுதி அனுப்பியிருக்கா. பேர் வைக்க இன்னும் 12 நாள் இருக்கிறதாம். இன்றைக்கே எடுத்து, குழந்தை இல்லாத அறையில் சன்னலைத் திறந்து, கொடியில் முழு அகலத்துக்கு நிழலில் விரித்துப் போடும்மா. ரெண்டு நாளுக்கு ஒரு முறை மறுபக்கம் திருப்பிப் போடு. பத்தாம் நாள் உன் மூக்கை நம்பாதே, உன் மாமியாரை முகர்ந்து பார்க்கச் சொல்லு. அவங்களுக்கு வாசனை வந்தால் அன்றைக்குப் பருத்திப் புடவையே கட்டிக்கோ.